புதுப்பிப்பு: பிராக் போய் வந்தாச்சு

‘அம்மாவுக்கு முழங்கால் வலி, நவம்பரில் பிராக் (செக் நாட்டுத் தலைநகர்) போக மூன்று நாள் போதுமா?’ என்று இங்கே கேட்டிருந்தேன். சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் வந்து இறங்கி ஒரு வாரமாகிறது. நகரத்துக்குப் போதும், முழங்காலுக்குப் போதாது. தெருவெல்லாம் கருங்கல் பாவியது.

நீங்கள் சொன்னபடி விடிவதற்கு முன்பே சார்லஸ் பாலத்துக்குப் போனோம். 1357-இல் கட்டத் தொடங்கிய பாலம். மூடுபனியில் இருபக்கச் சிலைகளும் நிழலாகத்தான் தெரிந்தன, கீழே ஆறே தெரியவில்லை. அம்மா என் கையை விடவில்லை.

கோட்டைக்கு ஏற வேண்டாம், 22-ஆம் எண் டிராம் மேலேயே விடும். உள்ளே இருக்கும் புனித விட்டஸ் பேராலயம் 1344-இல் தொடங்கி 1929-இல்தான் முடிந்ததாம். கூரையோரத்தில் மழைநீரைக் கக்கும் அரக்க முகங்களைப் பார்த்து, “நம்ம யாளிக்குச் சொந்தம் போல” என்றார் அம்மா.

1410-ஆம் ஆண்டு வானியல் கடிகாரத்தில் எலும்புக்கூட்டுப் பொம்மை மணி அடிப்பதைப் பார்க்கப் பெருங்கூட்டம். ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது, ஏமாற்றம்தான்.

அப்புறம் பணம். ஒரு மாற்றுக்கடையில் மோசமான விலைக்கு யூரோவைச் செக் நாணயமான கொரூனாவாக மாற்றிவிட்டேன். மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு போனால் ரத்து செய்யலாம் என்று அங்கே சட்டம் இருக்கிறது. எனக்கு அது தெரிந்தது விமானத்தில்!