புதுப்பிப்பு: பனியன் துணியில் எம்பிராய்டரி சுருங்கும் சிக்கல்
பனியன் துணியில் எம்பிராய்டரி இயந்திரம் போடும் பூவைச் சுற்றித் துணி ஏன் சுருங்குகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் நூலின் இறுக்கத்தைக் குறைக்கச் சொன்னீர்கள். அது ஓரளவே உதவியது. முதன்மையான காரணம் அடித்தாளில் (தைக்கும்போது துணிக்கு அடியில் வைக்கும் தாங்குதாள்) இருந்தது: இழுபடும் துணிக்குக் கிழித்தெடுக்கும் தாள் போதாது, ஓரத்தை மட்டும் வெட்டிவிட்டு, தையலுக்குப் பின்னும் அடியிலேயே தங்கித் துணியைத் தாங்கும் வகையே வேண்டும். துணியை வளையத்தில் இழுத்து மாட்டாமல் இயல்பான நிலையிலேயே பொருத்தி, முனை உருண்ட பால்பாயிண்ட் ஊசிக்கும் மாறியபின் பூ தட்டையாகப் படிந்தது. நூலின் இறுக்கத்தைச் சோதிக்க, நெருக்கமான வளைவுநெளிவுத் தையலான சாட்டின் தையலின் அடிப்புறமே போதும். நடுவில் மூன்றில் ஒரு பங்கு பாபின் நூல் (இயந்திரத்தின் அடிநூல்) தெரிந்தால் சரி. ஆயத்த வடிவங்களில் இப்போது மனம் நிற்பதில்லை (பித்து முற்றிவிட்டது என்கிறார்கள் வீட்டில்). தையல் வரிகளுக்கு 0.4 மில்லிமீட்டர் இடைவெளியில் தொடங்கி, கணினியில் நானே இலைகளை வடிவமைத்து வருகிறேன்.