மறுமொழி: ரசிகர் குழுக்களின் வயது – ‘புகுவயது’ சரியா?

குழுவினருக்கு வணக்கம். ஒருவர் ரசிகர் குழுவில் சேரும்போது இருக்கும் வயதைக் குறிக்க, நம் சொற்பட்டியலுக்குப் ‘புகுவயது’ என்ற சொல்லை முன்வைத்திருந்தேன். அதற்கு வந்த கேள்வி இது:

> ‘ரசிகர் சராசரி வயது’ என்றாலே புரிகிறதே. புதுச்சொல் எதற்கு?

புரிகிறது ஐயா, ஆனால் தப்பாகப் புரிகிறது. 1999-இல் 25 வயதில் ஓர் இசையமைப்பாளரின் ரசிகர்கள் மின்னஞ்சலில் பேசிக்கொள்ளும் யாஹூ மடற்குழுவில் சேர்ந்தவருக்கு இப்போது 50 தாண்டிவிட்டது. 2020 டிசம்பரில் யாஹூ குழுக்களை மூடியபோது வாட்ஸப்புக்கு மாறினார். இன்றைக்கும் ஓர் இடையிசையை வைத்துக்கொண்டு நள்ளிரவு வரை வாதாடுகிறார். அவருடைய 50-ஐயும் நேற்றுச் சேர்ந்த பிள்ளையின் 12-ஐயும் கூட்டி வகுத்தால் 31. அந்தக் குழுவில் 31 வயதுக்காரர் ஒருவர்கூட இல்லாமலிருக்கலாம். ‘கூட்டம் இளசாகிவிட்டது’ என்று நாம் சொல்வது, உள்ளே காலடி வைக்கும்போது என்ன வயது என்பதைத்தான். அதற்குத்தான் ‘புகுவயது’.

நம் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்வோம். ராயப்பேட்டையில் எங்கள் தெரு முனையில் ஒரு ரசிகர் மன்றம் இருந்தது. படம் வெளியாவதற்கு முந்தின இரவு மைதாப் பசை வாளியோடு போஸ்டர் ஒட்டக் கிளம்பியவர்கள் பத்தாம் வகுப்புப் பையன்கள். மறுநாள் காலை டியூஷனில் என் முன் வரிசையில் உட்கார்ந்து, விரலில் காய்ந்த பசையை உரித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுடைய புகுவயது 15.

1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. அந்தப் பையன்களுக்கு அதில் இடமில்லை. கணினியும் தொலைபேசி இணைப்பும் யாரிடம் இருந்தனவோ அவர்கள்தான் வந்தார்கள்: வெளிநாட்டில் மேற்படிப்புப் படித்தவர்கள், மென்பொருள் வேலைக்காரர்கள். யூஸ்நெட் என்ற அன்றைய இணைய விவாதக் குழுக்களில் வயதைக் கேட்க வேண்டியதே இல்லை, மின்னஞ்சல் முகவரியின் வாலைப் பார்த்தால் போதும், பல்கலைக்கழகமா அலுவலகமா என்று தெரிந்துவிடும். ஆக, இணையம் முதலில் ரசிகரின் புகுவயதை ஏற்றிவிட்டது. இதை யாரும் சொல்வதில்லை. அப்புறம் பிரவுசிங் சென்டர், ஆர்குட் சமூக வலைத்தளம் என்று படிப்படியாக இறங்கி, 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு அம்மாவின் கைப்பேசியே வாசலாகிவிட்டது. மன்றத்துப் பையனின் வயது திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அந்தப் பசை வாளியை நான் தொட்டிருக்க முடியாது, பெண் என்பதால். பத்து வயதிலிருந்தே ரசிகைதான். ஆனால் என்னைப்போல இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்தது 22 வயதில், தி.நகரில் ஒரு பிரவுசிங் சென்டரின் பிளைவுட் தடுப்புக்குள். ரசிக்கத் தொடங்கிய வயது வேறு, புகுவயது வேறு என்பதற்கு நானே சாட்சி.

இப்போது என் அண்ணன் மகள், பெரம்பூரில் எட்டாம் வகுப்பு, ஒரு கொரியப் பாட்டுக் குழுவின் ரசிகை. அவள் காட்டிய பக்கங்களில் பலர் தங்கள் பெயருக்குக் கீழேயே ‘18 வயதுக்கு உட்பட்டவர்கள் பின்தொடர வேண்டாம்’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். “நான் என்ன தப்பு பண்ணேன் அத்தை?” என்று கேட்டாள். பெரியவர்களின் எச்சரிக்கையும் நியாயம், அவள் முகம் வாடியதும் நியாயம். பல தளங்கள் வைக்கும் 13 வயது வரம்பு, அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டுச் சிறார் தனியுரிமைச் சட்டத்திலிருந்து வந்தது. நம் நாட்டின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமோ 18 நிரம்பாத எல்லாரையும் குழந்தை என்கிறது. பிள்ளைகள் பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டுவிட்டு நுழைகிறார்கள். எனவே ‘சட்டப் புகுவயது’, ‘மெய்ப் புகுவயது’ என்று பிரித்துச் சொல்லவும் இந்தச் சொல் இடம் தருகிறது.

‘வயது’ என்பதற்குப் பதில் ‘அகவை’ என்று வைக்கக் கேட்ட அன்பருக்கு: சேர்த்தால் ‘புகுவகவை’ என்றாகி நாக்கு இடறுகிறது. ‘புகுவயது’ வினைத்தொகை, புகுந்த, புகுகிற, புகும் வயது மூன்றும் அடங்கும். ‘புகுமுக வகுப்பு’ படித்த தலைமுறைக்கு ‘புகு’ பழகிய சொல்தான். ‘ரசிகர்’ என்பதற்குப் பதில் ‘விசிறி’ மட்டும் வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். அது கைவிசிறியின் பெயர். மன்றம் வைத்து வாழ்ந்த ஊரில் ‘ரசிகர்’ போதும்.

இதற்கு இணையாக, ரசிகர் கூட்டத்தை விட்டு விலகும் வயதுக்கு ‘விடுவயது’ என்பதையும் முன்வைக்கிறேன். எங்கள் தெரு மன்றத்துச் செயலாளர் கல்யாணமான மாதமே போர்டைக் கழற்றிப் பரணில் போட்டார். இன்று இணையத்தில் அப்படி விடுவோர் குறைவு என்று நினைக்கிறேன். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்களன்று இரண்டையும் நம் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
ராயப்பேட்டையிலிருந்து