சிறையிலிருந்து வரும் அம்மா, பாட்டியிடம் வளரும் பிள்ளைகள்: முதல் சில வாரங்களை எப்படி அமைப்பது?

வேப்பம்பூ:
தன்னார்வலராக ஒரு குடும்பத்துக்குத் துணை நிற்கிறேன். ஹெராயின் பழக்கம், அதையொட்டிய வழக்கு, தண்டனை எல்லாம் முடிந்து அம்மா அடுத்த மாதம் வெளியே வருகிறார். உள்ளேயே மெத்தடோன் (ஹெராயினுக்குப் பதிலாக மருத்துவர் மேற்பார்வையில் தினமும் தரும் மருந்து) சிகிச்சை தொடங்கிவிட்டது. 11 வயதில் மகன், 4 வயதில் மகள். இருவரும் அம்மாவழிப் பாட்டியிடம். வந்த அன்றே பிள்ளைகளோடு தனிவீடு போக நினைக்கிறார். பாட்டி சம்மதிக்கவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

இரவுப்பணி:
பிள்ளைகள் விஷயத்துக்கு முன்னால் அவர் உயிரைப் பாருங்கள். வெளியே வந்த முதல் 2 வாரம்தான் ஆபத்து அதிகம். பழைய அளவைத் தாங்கும் சக்தி உள்ளே இருந்த காலத்தில் குறைந்திருக்கும். முன்பு வழக்கமாக எடுத்த அளவே இப்போது மூச்சை நிறுத்திவிடலாம். மெத்தடோன் விடாமல் தொடர்ந்தால் இந்த ஆபத்து பெரிதும் குறையும். வெள்ளிக்கிழமை மாலை விடுதலை, திங்கள்தான் கிளினிக் என்றால் அந்த இடைவெளியில்தான் வினை. அதனால் எந்த கிளினிக், எத்தனை மில்லிகிராம், கடைசி டோஸ் எப்போது என்று சிறை மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுங்கள். 3 நாள் தவறிவிட்டால் பழைய அளவை அப்படியே எடுக்கக் கூடாது, மருத்துவர் பார்த்துத்தான் மறுபடி தொடங்க வேண்டும்.

வீட்டில் நாலாக்சோன் மூக்கு ஸ்ப்ரே இருக்கட்டும்; ஹெராயின் போன்றவை அளவு மீறி மூச்சு அடங்கும்போது அதை முறிக்கும் மருந்து அது. பாட்டிக்கும் அடிக்கத் தெரிய வேண்டும். அதன் வேகம் 30 முதல் 90 நிமிடத்தில் அடங்கிவிடும், மெத்தடோன் அதற்குப் பிறகும் உடலில் இருக்கும். ஆள் கண் திறந்துவிட்டார் என்று விடாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

டோஸை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் பூட்டுப் பெட்டி கட்டாயம். பெரியவரின் ஒரு நாள் அளவு 4 வயதுக் குழந்தையின் உயிரை எடுக்கப் போதும். பாட்டிலின் அடியில் ஒட்டியிருப்பதும் ஆபத்துதான், கழுவிவிட்டுப் போடச் சொல்லுங்கள்.

தாழ்வாரம்:
சின்னவளுக்கு இப்போது பாட்டிதான் அம்மா. ஒரே நாளில் பிரித்தால் அவளுக்கு அது இரண்டாவது இழப்பு. பாட்டி பக்கத்தில் இருக்கும்போதே வாரம் 2 முறை, 1 மணி நேரம், அதே கிழமை, அதே நேரம் என்று தொடங்குங்கள். சில வாரம் விளையாட்டு மட்டும். பிறகு குளிப்பாட்டுவது அம்மா வேலை ஆகட்டும். அது படிந்த பிறகு தூங்கவைப்பது. இரவு தங்குவதெல்லாம் அதற்கப்புறம்.

அம்மா வந்துபோன இரவு படுக்கை நனையும், மறுநாள் பாட்டியின் முந்தானையை விடமாட்டாள். "இவ வந்ததாலதான்" என்று பாட்டி முடிவுகட்டுவார். பிரிந்து சேர்கிற குழந்தைகளிடம் இது வழக்கம். சந்திப்பை நிறுத்தாமல் நேரத்தை மட்டும் குறையுங்கள்.

பெரியவன் வேறு மாதிரி. அம்மாவின் பையைத் துழாவுவான், பாத்ரூமில் நேரமானால் கதவைத் தட்டுவான். தங்கையைப் பார்த்துக்கொண்டதும் அவனாகத்தான் இருக்கும். அந்தப் பொறுப்பைச் சட்டென்று பிடுங்கினால் சண்டை வரும். "இனிமே உங்களை விட்டுப் போகவே மாட்டேன்" என்ற வாக்கு வேண்டாம். "நான் போதைமருந்து எடுத்தேன், உன்மேல எந்தத் தப்பும் இல்ல. இப்ப தினமும் மருந்து எடுக்கிறேன். சனிக்கிழமை 4 மணிக்கு வருவேன்." இவ்வளவு போதும், ஆனால் 4 மணிக்கு வந்தாக வேண்டும். வெளியூர் வேலை என்று பாட்டி பொய் சொல்லிவைத்திருந்தால் அம்மா வருவதற்கு முன்பே அவரே திருத்திவிடுவது நல்லது.

வேப்பம்பூ:
நன்றி. "மெத்தடோனும் போதைதானே, அதையும் விட்டுட்டு வரட்டும்" என்கிறார் பாட்டி.

இரவுப்பணி:
பலரைக் கவிழ்ப்பதே இந்த நிபந்தனைதான். சரியான அளவில் எடுத்தால் போதை ஏறாது; ஏக்கமும் உடல் நடுக்கமும் அடங்கி, வேலையைப் பார்க்க முடியும். நிறுத்துவதென்றால் மருத்துவர் துணையோடு மாதக்கணக்கில் குறைக்க வேண்டும். குடும்பத்தின் நெருக்கடிக்காக அவசரப்பட்டு விட்டவர்கள் ஹெராயினுக்கே திரும்பும் வாய்ப்பு அதிகம். பாட்டியை ஒருமுறை கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள், வாதம் பண்ண வேண்டாம்.

தாள்கட்டு:
யாரும் கேட்காத ஒன்று: பிள்ளைகள் பாட்டியிடம் இருப்பது நீதிமன்ற உத்தரவாலா, வாய்ப்பேச்சாலா? உத்தரவு இருந்தால் அதை மாற்றாமல் கூட்டிப்போவது மீறலாகிவிடும். நன்னடத்தை நிபந்தனை இருந்தால் அதிலும் சிக்கல். முதல் மாதத்தில் டோஸ், கண்காணிப்பு அதிகாரி, வேலை, பிள்ளைகள் எல்லாம் ஒரே காலையில் மோதும். ஒரே நாட்காட்டியில் எழுதி, மோதுவதை முன்பே மாற்றக் கேளுங்கள். வராமல் போனால் கோப்பில் "அக்கறையில்லை" என்றுதான் ஏறும். ஒவ்வொரு சந்திப்புக்கும் தேதி, நேரம், உடன் இருந்தவர் யார் என்று குறிப்பு வையுங்கள்.

சிறை நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினால் 2010இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற, பெண் கைதிகளை நடத்தும் முறை பற்றிய பாங்காக் விதிகளைச் சுட்டலாம். விடுதலைக்கு முன்னும் பின்னும் பெண்களுக்கேற்ற மறுவாழ்வுத் திட்டம் வேண்டும் என்கிறது 46ஆம் விதி.

மறுபடி சறுக்கினால் என்ன செய்வது என்று இப்போதே அம்மாவும் பாட்டியும் உட்கார்ந்து எழுதிக் கையெழுத்திடட்டும்: முதலில் யாருக்குப் போன், அன்றிரவு பிள்ளைகள் எங்கே தூங்குவார்கள், வீட்டுப் பொருளையோ நகையையோ விற்றால் அதை யார் கேட்பது என்பதுவரை. அம்மா தானாகவே வந்து சொன்னால் சந்திப்பு நிற்காது, பாட்டி உடனிருக்கத் தொடரும் என்ற வரி அதில் இருக்க வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால் மறைக்கத்தான் செய்வார்.