மலையிலிருந்து குழாயில் இறங்கும் நீரின் நிலை ஆற்றல் எங்கே போகிறது?

மேல்நிலை மாணவி:
உயரத்தில் உள்ள நீரின் நிலை ஆற்றல், நீர் விழ விழ இயக்க ஆற்றலாக மாறுகிறது என்று படித்திருக்கிறேன். உராய்வைக் கணக்கில் கொள்ளாவிட்டால், 400 மீட்டர் விழுந்த நீர் நொடிக்கு ஏறத்தாழ 88.5 மீட்டர் வேகத்தை அடைய வேண்டும். ஆனால் நீர்மின் நிலையத்துக்கு இறங்கும் குழாயின் விட்டம் மாறாதிருந்தால், நீர் மேலே நுழைந்த அதே வேகத்தில்தான் கீழேயும் ஓட முடியும் என்று தொடர்ச்சிச் சமன்பாடு சொல்கிறது. உயரம் குறைந்தும் வேகம் கூடவில்லை என்றால், குறைந்த நிலை ஆற்றல் என்ன ஆகிறது?

நீர்மின் பொறியாளர்:
குழாய்க்குள் கூடுவது அழுத்தம். நீர் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடுவதாகக் கொண்டால், ஒரு கிலோகிராம் நீரின் இயக்க ஆற்றல் 12.5 ஜூல்தான், 400 மீட்டர் இறங்கியதில் அது இழந்த நிலை ஆற்றலோ 3,920 ஜூல். உராய்வில் வெப்பமாகும் சிறு பங்கு போக, மற்றதெல்லாம் அடியில் சுமார் 39 வளிமண்டல அழுத்தமாக வெளிப்படுகிறது. மலையடிவாரத்தை நெருங்க நெருங்க பென்ஸ்டாக் எனப்படும் இந்த இறங்கு குழாயின் எஃகுச் சுவரைத் தடிமனாக்குவது இதனால்தான். பாடநூல்கள் அழுத்தத்தைத் தாண்டி நேரே இயக்க ஆற்றலுக்குப் போய்விடுவது எனக்கு எப்போதும் குறையாகவே படுகிறது.

நீங்கள் படித்த மாற்றம், குழாயின் முடிவில் நீரைப் பீய்ச்சும் நாசில் என்ற குறுகிய முனையில் நடக்கிறது. நீலகிரியில் 1932-இல் இயங்கத் தொடங்கிய பைக்காரா போன்ற மிக உயர்ந்த வீழ்ச்சியுள்ள நிலையங்களில், குறுகிய நாசில் வழியே வெளியேறும்போது அழுத்தம் முழுவதும் வேகமாகி, நீர்த்தாரை பெல்டன் சக்கரத்தின் கிண்ணங்களில் மோதுகிறது. கிண்ணங்கள் தாரையின் வேகத்தில் ஏறத்தாழ பாதி வேகத்தில் நகர்ந்தால், நீர் தன் இயக்க ஆற்றலில் பெரும்பகுதியைச் சக்கரத்துக்குக் கொடுத்துவிட்டு மெதுவாக விழும். கோவை மாவட்டத்துக் கடம்பாறையில் உள்ள பிரான்சிஸ் வகை டர்பைன்களில் (நீரால் சுழலும் இயந்திரங்களில்) அழுத்தத்தின் ஒரு பகுதி மட்டுமே சக்கரத்தை அடையுமுன் வேகமாகிறது. எஞ்சியது சக்கரத்துக்குள்ளேயே குறைகிறது. தலா 100 மெகாவாட் திறனுள்ள அந்த நான்கு இயந்திரங்களையும் எதிர்த்திசையில் சுழற்றி, மின்சாரம் மிகுந்திருக்கும் நேரத்தில் நீரை மறுபடி மேலே ஏற்றி நிலை ஆற்றலாகச் சேமிக்கலாம்.

மேல்நிலை மாணவி:
நன்றி ஐயா. அப்படியானால் அழுத்தத்தில் உள்ள நீரை, அமுக்கிய சுருள்வில்லைப் போல மீட்சி நிலை ஆற்றல் கொண்டது எனலாமா?

இயற்பியல் ஆசிரியர்:
அவ்வாறு கொள்வது பொருந்தாது, அம்மா. அந்த அழுத்தத்தில் நீரின் பருமன் 0.2 விழுக்காடுகூடச் சுருங்குவதில்லை. ஆகவே அதில் மீட்சி ஆற்றலாகச் சேர்வது கிலோகிராமுக்குச் சுமார் 3.5 ஜூல் மட்டுமே. பின்னால் உள்ள நீர் முன்னால் உள்ளதைத் தள்ளிச் செய்யும் வேலைதான் டர்பைன் வரை கைமாறி வருகிறது. வால்வை மூடினால் அந்த வேலை நின்றுவிடும். நிலை ஆற்றல் நீர்த்தேக்கத்திலேயே இருக்கும்.

மீட்சி ஆற்றலைப் பார்க்க வேண்டுமென்றால் வால்வைச் சட்டென மூடும் தருணத்தைப் பாருங்கள். ஓடிக்கொண்டிருந்த நீரின் இயக்க ஆற்றல், நீரையும் குழாய்ச் சுவரையும் இறுக்கும் ஆற்றலாக ஒரே நொடியில் மாறி, குழாயையே பிளக்கும் அதிர்வலையாகப் பரவக்கூடும். நீண்ட சுரங்கவழி உள்ள நிலையங்களில் பென்ஸ்டாக்குக்கு மேலே எழுச்சித் தொட்டி கட்டுவது, சுரங்கத்தில் வரும் நீர் அதற்குள் ஏறி, தன் இயக்க ஆற்றலை மீண்டும் உயரமாக மாற்றிக்கொண்டு அடங்குவதற்காகத்தான்.