‘கொக்குவில் பெரியவீடு’ குடும்ப வட்ஸ்அப் குழு: மகிழனின் பிறந்தநாளும் 64 கேடயங்களும்

வியாழன், மாலை 6:12

துஷா: எல்லோருக்கும் வணக்கம். சனிக்கிழமை மகிழனுக்கு ஏழு வயது. 3 மணிக்கு, எங்கள் தொடர்மாடியின் கீழ் ஹோலில். இந்த முறை வைக்கிங்தான் வேண்டுமாம், அந்த ஆயிரம் வருடத்துக்கு முந்தின வட ஐரோப்பியக் கடல்வீரர்கள். 18 பிள்ளைகள் வருகிறார்கள். நிறம் தீட்டக் கேடயம், கோடரிப் படங்கள் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கோ. இன்றிரவே பிரின்ட் எடுக்க வேண்டும்.

கமலா சின்னம்மா: ஐயோ, என்ர குஞ்சுக்கு ஏழு வயதா!

கமலா சின்னம்மா: ரோல்ஸ் யார் செய்வது?

நிரோஷன்: கடையில் சொல்லியாச்சு.

கமலா சின்னம்மா: கடை ரோல்ஸ். ம்ம்.

சுகி அக்கா: [படம்] இது பரவாயில்லையா?

ரவி மாமா: சுகி, அந்தத் தலைக்கவசத்தில் கொம்பு இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பிழையானதைக் கொடுக்காதே. வைக்கிங் காலத்துத் தலைக்கவசம் ஒன்று 1943இல் இங்கே நோர்வேயில், ரிங்கெரிகேயில் கிடைத்தது. உச்சி உருண்டை, கண்ணைச் சுற்றி மூக்குக்கண்ணாடி மாதிரி இரும்பு. கொம்பு இல்லை. 1876இல் ஜேர்மனியில் ஒரு ஒப்பேராவுக்கு உடை வரைந்தவர் வைத்த கொம்பை இன்றைக்கும் எல்லோரும் தலையில் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள்.

அபி: அப்பா தொடங்கிட்டார்

துஷா: சரி மாமா, கொம்பை வெட்டிவிடுகிறேன். கேடயம்?

ரவி மாமா: கேடயம் என்றால் கொக்ஸ்டா என்ற வைக்கிங் கப்பல்தான். 1880இல் சாண்டெஃபியோர்ட் பக்கம் ஒரு மண்மேட்டைத் தோண்டினபோது வந்தது. நீளம் 23 மீற்றருக்கு மேல். பக்கத்துக்கு 32, மொத்தம் 64 கேடயங்கள். ஒன்று மஞ்சள், அடுத்தது கறுப்பு, திரும்ப மஞ்சள். ஒன்றின் விளிம்பு மற்றதன் மேல் ஏறினபடி, மீன் செதில் மாதிரி. ஆகையால் உனக்குக் கணக்கு லேசு. 9 பிள்ளைகளுக்கு மஞ்சள், 9 பிள்ளைகளுக்குக் கறுப்பு.

துஷா: மாமா, கறுப்புக் கிடைத்த பிள்ளை வீட்டுக்குப் போகும் வரை அழும்.

அபி: தாள் முழுக்கக் கறுப்பு அடிக்கிற பார்ட்டி. சூப்பர்

சுகி அக்கா: குளவிக்கூடு மாதிரி இருக்கும் 😄

ரவி மாமா: சிரியுங்கோ. வேறு நிறம் வேண்டுமென்றால் சிவப்பு இருக்கிறது. சாகா என்கிற பழைய வடநாட்டு வீரகதைகளில் சிவப்புக் கேடயம் தூக்கினால் சண்டை. வெள்ளை தூக்கினால் சமாதானம்.

கமலா சின்னம்மா: அண்ணா முதலில் வெள்ளையைத் தூக்கட்டும்.

நிரோஷன்: 🤐

அம்மம்மா: [குரல் பதிவு 0:41]

பிரியா: அம்மம்மா சொன்னதை எழுதுகிறேன். பிறந்தநாளும் அதுவுமாய்ப் பிள்ளை கையில் கோடாலி எதற்கு? வெட்டு, கொத்து எல்லாம் வேண்டாம். பூ, பழம் வரையக் கொடு.

சுகி அக்கா: பிள்ளையார் கையிலும் மழு இருக்குதே அம்மம்மா.

பிரியா: அது பிள்ளையாராம்.

ரவி மாமா: அம்மாவுக்குச் சொல்லு பிரியா. இந்த நாட்டு அரச சின்னத்திலேயே சிங்கம் கோடரி பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. 1030இல் ஸ்டிக்லெஸ்தாட் சண்டையில் இறந்த ஓலாவ் அரசரின் கோடரி அது. எங்கள் கடவுச்சீட்டு மட்டையை எடுத்துப் பார்க்கச் சொல்லு.

நிரோஷன்: வாள் பிடித்த சிங்கத்துக்குப் பயந்து ஓடிவந்து கோடரி பிடித்த சிங்கத்திடம் அகதி அந்தஸ்துக் கேட்டோம்.

சுகி அக்கா: 😂😂 நிரோஷன் வாய் திறந்தால் இப்படித்தான்

கமலா சின்னம்மா: அதை ஏன் இப்போது.

சுகி அக்கா: கோடரி என்றால் எங்கள் டென்மார்க்கில் கிடைத்ததுதான் வடிவு. [படம்] மாமென் கோடரி. இரும்பில் வெள்ளிக் கம்பி பதித்தது. ஒரு பக்கம் பறவை, மற்றப் பக்கம் கொடி கொடியாய். 1868இல் ஒரு கல்லறையில் எடுத்தது. அந்தக் கல்லறை மரத்தின் வளையத்தை எண்ணி, 970க்கும் 971க்கும் இடைப்பட்ட குளிர்காலத்தில் வெட்டின மரம் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அபி: மாமன் கோடரியா

அபி: அது அப்பாதான்

கமலா சின்னம்மா: 2016இல் கறுத்தக்கொழும்பான் மாமரத்தை வெட்டினதும் அந்தக் கோடரியோ அண்ணா?

ரவி மாமா: கமலா, அந்த மரம் பக்கத்து வீட்டுக் கூரையில் சாய்ந்து கிடந்தது. பத்துத் தரம் சொல்லிவிட்டேன்.

கமலா சின்னம்மா: கொப்பைத் தறித்திருக்கலாம்.

அம்மம்மா: [குரல் பதிவு 1:52]

பிரியா: இதை நான் எழுதமாட்டேன்.

துஷா: எல்லோரும் கொஞ்சம் பொறுங்கோ. எனக்கு 18 தாள் வேண்டும், அவ்வளவுதான். சுகி அக்கா, அந்தப் பறவைக் கம்பிக்குள் ஏழு வயதுப் பிள்ளை நிறம் தீட்டாது. கோடு மெல்லிசு.

ரவி மாமா: அப்போ தாடிக் கோடரி கொடு. அலகின் கீழ்ப்பாதி மட்டும் தாடி மாதிரித் தொங்கும். இரும்பு குறைவு, வெட்டும் விளிம்பு நீளம். வெளிக்கோடு மட்டும் போதும், பிள்ளைகள் நிரப்பிக்கொள்வார்கள்.

துஷா: அது நல்லது. அனுப்புங்கோ.

கமலா சின்னம்மா: ரோல்ஸ் மீனா, மரக்கறியா?

சுகி அக்கா: துஷா, கேடயத்துக்குத் தாளை விடு. வெள்ளைக் காகிதத் தட்டு வாங்கு. நடுவில் கப்கேக் காகிதக் கிண்ணத்தைக் கவிழ்த்து ஒட்டு. உண்மைக் கேடயத்திலும் நடுவில் ஓட்டை, பின்னால் கைப்பிடி. விரல் வெட்டுப்படாமல் இருக்க முன்னால் இரும்புக் குமிழ்.

ரவி மாமா: சரியாகச் சொன்னாய். ஆனால் காகிதத் தட்டு சின்னது. கொக்ஸ்டா கேடயம் 94 சென்ரிமீற்றர் அகலம். பைன் பலகை, ஒரு சென்ரிமீற்றர் தடிப்புக்கூட இல்லை.

அபி: 94 சென்ரிமீற்றரில் தட்டு எங்கே விற்கிறார்கள் அப்பா

ரவி மாமா: மட்டை இருக்கிறது. வெட்டலாம்.

துஷா: மகிழனுக்குக் கப்பலைக் காட்டலாம் என்றால் ஒஸ்லோ வைக்கிங் கப்பல் மியூசியத்தையும் 2022இல் பூட்டிவிட்டார்கள். அவனுக்கு அப்போது விவரம் தெரியாத வயது.

ரவி மாமா: நான் முதல் தரம் பார்த்தது வடக்கே போட்ஸ்ஃபியோர்டில் மீன் ஃபக்டரியில் நின்ற காலத்தில். பேப்பர் அலுவலாய் ஒஸ்லோ வந்தேன். உண்மையைச் சொன்னால் குளிருக்கு ஒதுங்கத்தான் உள்ளே போனேன். பிறகு பூட்டுகிற நேரம் வரை நின்றேன். அந்தக் கப்பலுக்குள் வைத்துப் புதைத்த ஆளின் கால் எலும்பில் வெட்டுக்காயம். கூடவே 12 குதிரை, நாய்கள், இரண்டு மயில்.

கமலா சின்னம்மா: மயிலா?

ரவி மாமா: மயில்தான். இந்தக் குளிருக்குள் 900ஆம் ஆண்டளவில் மயில் வந்து சேர்ந்திருக்கிறது, எங்களுக்கு முந்தி.

அம்மம்மா: [குரல் பதிவு 0:19]

பிரியா: மயில் வைத்திருந்தால் முருகனுக்கு நேர்ந்த சனமாய்த்தான் இருக்குமாம். கோடாலியை விட்டுவிட்டு வேல் வரையட்டுமாம்.

சுகி அக்கா: வைக்கிங் முருகன் 🙏

துஷா: மகிழன் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். இப்போது அவனுக்குக் கேடயத்தில் மயில் வேண்டுமாம்.

ரவி மாமா: கேடயத்தில் மயில் வந்ததற்கு ஆதாரம் இல்லை.

துஷா: வந்தாச்சு மாமா. [படம்]

நிரோஷன்: பாதி மஞ்சள், பாதி கறுப்பு, நடுவில் கோழி மாதிரி ஒன்று.

துஷா: மயில்!

கமலா சின்னம்மா: என்ர தங்கம். அந்த மயில் எங்கள் கறுத்தக்கொழும்பானில் இருக்கட்டும்.

இரவு 11:38

ரவி மாமா: [படம்] புட்டுப்பானை மூடியை வைத்து வட்டம் கீறி மட்டையில் வெட்டிவிட்டேன். 94 இல்லை, 30தான். 9 மஞ்சள், 9 கறுப்பு. பிள்ளைகள் விரும்பினால் அதன் மேல் எதையும் வரையட்டும்.

அபி: வரவேற்பறை முழுக்க மட்டைத் துண்டு. அம்மா இன்னும் பார்க்கவில்லை

ரவி மாமா: ஒன்று மிச்சம். அதற்கு நிறம் அடிக்கவில்லை. வெள்ளையாகவே இருக்கட்டும். கமலா, உனக்கு.

கமலா சின்னம்மா: பார்த்தேன்.

கமலா சின்னம்மா: மரம் மரம்தான் அண்ணா.

அம்மம்மா: [குரல் பதிவு 0:06]

பிரியா: கோடாலி இருக்கட்டுமாம். ரவியிடம் மட்டும் கொடுக்க வேண்டாமாம்.

நிரோஷன்: அப்போ கோடரி பிரின்ட் எடுப்பதா, இல்லையா?

சுகி அக்கா: கேக்கில் என்ன எழுதுகிறீர்கள்?