1966-இலும் 2.9, 2022-23-இலும் 2.9: கல்விச் செலவு நகரவே இல்லையா?

தேவகோட்டை மாணவன்:
கோத்தாரி கல்விக் குழுவின் 1966 அறிக்கையில், 1950-51-இல் தேசிய வருமானத்தில் 1.2 சதவீதமாக இருந்த கல்விச் செலவு 1965-66-இல் 2.9 ஆனது என்றும், 1985-86-க்குள் 6 ஆக வேண்டும் என்றும் இருக்கிறது. ஒன்றிய அரசின் 2022-23 பொருளாதார ஆய்வறிக்கையிலும் கல்விக்கு அதே 2.9! கல்வி அமைச்சகமோ 4-க்கு மேல் என்கிறது. வியாழக்கிழமை வகுப்பில் பேச வேண்டும். எதை நம்பிப் பேசுவது?

புதுவயல் கணக்குப்பிள்ளை:
தம்பி, மூன்றும் சரிதான். மூன்றும் வெவ்வேறு பேரேடு. கோத்தாரியின் 2.9-இல் அரசுப் பணம் மட்டுமில்லை, பிள்ளைகள் கட்டிய கட்டணமும் அறக்கொடையும் சேர்த்தி. அரசுச் செலவை மட்டும் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் பார்த்தால் 1951-52-இல் வெறும் 0.64. ஆய்வறிக்கை அரசுக் கணக்கில் கல்வித் தலைப்பின்கீழ் எழுதியதை மட்டும் கூட்டுகிறது. அமைச்சகம், பிற துறைகள் கல்விக்கும் பயிற்சிக்கும் செலவழிப்பதையும் சேர்த்துக்கொள்கிறது. ஆகவே 2.9-ஐயும் 2.9-ஐயும் பக்கத்தில் வைத்துப் பேசிவிடாதீர்கள்.

அரிசி ஆலையில் 31 வருடம் கணக்கு எழுதியவன் நான். அப்பா விட்டுப்போன பேரேடு ஒன்று வீட்டில் கிடக்கிறது, ஓரமெல்லாம் பூச்சி அரித்தது. அதில் மகமைக்குத் தனிப் பக்கம். வரும்படியில் இவ்வளவு பங்கு தர்மத்துக்கு என்பது கட்டு, அதாவது விதி. வியாபாரம் கொழித்த வருடம் ஒன்றில் மகமைத் தொகை முந்தைய வருடத்தைவிடக் கூடுதல். ஆனால் வரும்படியோடு வகுத்துப் பார்த்தால் பங்கு குறைவு. அப்பா ஒரு ரூபாயையும் குறைக்கவில்லை, கட்டைத்தான் மீறியிருக்கிறார். (அவர் உயிரோடு இருந்திருந்தால் இதைச் சொல்லியிருக்க மாட்டேன்.)

நாட்டுக்கும் அதுதான் நடந்தது. அமைச்சகத்தின் கணக்கில் 2000-01-இல் 4-ஐத் தாண்டியிருந்த விகிதம் 2004-05-இல் 3.5-க்கும் கீழே வந்தது. ஐந்தாவது ஊதியக் குழு ஏற்றிவிட்ட சம்பளச் செலவு அடங்கியது, வருமானமோ வேகமாக வளர்ந்தது. அந்த 2004-இல்தான் 2 சதவீதக் கல்வி வரியும் போட்டார்கள். 6 சதவீதத்தை 1968, 1986, 2020 என்று மூன்று கல்விக் கொள்கைகளிலும் எழுதிவிட்டார்கள். கட்டு எழுதுவதற்கு மை போதும்.

கோட்டையூர்வாசி:
அழகப்பச் செட்டியார் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துக்குக் கொடுத்த 300 ஏக்கரும் 15 லட்சமும் எந்தக் கணக்கில் வருகிறதாம்? அரசுக் கணக்கை மட்டும் பார்த்தால் நம் ஊர்க் கல்வியில் பாதி காணாமல் போய்விடும்.

புதுவயல் கணக்குப்பிள்ளை:
அண்ணே, ஆய்வகம் ஆராய்ச்சித் தலைப்பு, அதை விடுங்கள். அவர் 1947-இல் தொடங்கிய கல்லூரியைச் சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன். அந்தக் கொடை கோத்தாரியின் கணக்கில் வரும், மற்ற இரண்டிலும் வராது.

ஒன்றியப் பள்ளித் தலைமையாசிரியை, ஓய்வு:
சதவீதம் ஏறுவதும் இறங்குவதும் எங்கள் வகுப்பறைக்குத் தெரியாது. வந்த பணத்தில் பெரும்பங்கு சம்பளம். அது தவறில்லை, ஆசிரியர் இல்லாமல் பள்ளி ஏது? ஆனால் ஒரு வருடம் கழிப்பறைக் கதவின் கீல் கழன்றுவிட்டது. மாற்ற எந்தத் தலைப்பிலும் காசு இல்லை. ஐந்தாம் வகுப்புப் பெண்கள் இருவர் இருவராகப் போவார்கள், ஒருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்வாள். ஏழு மாதம். பிறகு என் கைக்காசில் மாற்றினேன். அது எந்தப் பேரேட்டிலும் இல்லை.

புதுவயல் கணக்குப்பிள்ளை:
டீச்சர் சொல்வதும் கணக்குதான். தம்பி, மகமை பங்குக் கணக்கு. கோயிலுக்குக் கட்டும் புள்ளி வரி, மணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும் இவ்வளவு என்ற தலைக்கணக்கு. வகுப்பில் இரண்டையும் கேளுங்கள்: வருமானத்தில் எவ்வளவு, ஒரு பிள்ளைக்கு எத்தனை ரூபாய். 2020-21-இல் நாட்டு வருமானம் சுருங்கியது. அப்படிப்பட்ட வருடத்தில் செலவு அப்படியே நின்றாலும் விகிதம் ஏறும். எந்தப் பிள்ளைக்கும் அதனால் ஒரு நோட்டுக்கூடக் கூடுதலாகக் கிடைக்காது.

தேவகோட்டை மாணவன்:
நன்றி ஐயா. டீச்சர், அந்தக் கீலை வகுப்பில் சொல்லலாமா?

ஒன்றியப் பள்ளித் தலைமையாசிரியை, ஓய்வு:
சொல்லுங்கள் தம்பி. பள்ளியின் பெயரைக் கேட்டால் மட்டும் சொல்லாதீர்கள்.