வாவிக்கரையில் காலநிலைக் கண்காட்சி: எதை வைக்கலாம்?

கல்லடிக்காரி:
வணக்கம். நாங்கள் ஆறு பேர், மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட வாவிக்கரையில் காலநிலை பற்றி மூன்று நாள் கண்காட்சி வைக்கப் போகிறோம். ஓலாஃபர் எலியாசன் என்ற கலைஞர் கிரீன்லாந்துக் கடலில் மிதந்த பனிப்பாளங்களை அள்ளி வந்து, 2015இல் பாரிஸ் நகரில் 12 பாளங்களைக் கடிகாரம் போல வட்டமாக வைத்து, சனம் தொட்டுத் தடவ உருகவிட்டாரே, அதைப் போல ஐஸ் கட்டி வாங்கி வைப்போம் என்கிறார் எங்களில் ஒருவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. மீன்வாடியில் தினமும் ஐஸ் பார்க்கிற சனத்துக்கு அதில் என்ன இருக்கிறது? வேறு என்ன செய்யலாம்?

படுவான்கரையான்:
ஐஸ் வேண்டாம் தங்கச்சி. அந்தப் பனி உருகுகிற இடத்திலிருந்தே வந்தது, அதனால் பேசியது. எனக்குப் பிடித்தது ஆக்னஸ் டெனஸ் என்ற கலைஞர் செய்த வேலை. 1982இல் நியூயோர்க்கின் மான்ஹட்டனில், மண் கொட்டி நிரப்பிய நிலத்தில் 2 ஏக்கர் கோதுமை விதைத்து அறுவடையும் செய்தார், பின்னால் உயரக் கட்டடங்கள் நிற்க. வேளாண்மைக்காரருக்கு இது சொல்லாமலே விளங்கும். 2011 தை வெள்ளத்தில் எங்கள் வயல் தண்ணீருக்குள் கிடந்தது. வடிந்த பிறகு போய்ப் பார்த்தால் கதிரெல்லாம் சேற்றில் ஒட்டி, நெல் கதிரிலேயே முளைத்திருந்தது. அம்மா ஒரு பிடி பிடுங்கி வந்து அடுப்படிச் சுவரில் மாட்டினார், இன்னும் தூசியும் கரியுமாகத் தொங்குகிறது. வேண்டுமென்றால் தருகிறேன்.

நிந்தவூர்க் கரை:
எல்லாவற்றையும் காலநிலை என்ற ஒரே சாக்குக்குள் போட வேண்டாம் தங்கச்சி. எங்களுக்குத் தெற்கே ஒலுவில் துறைமுகத்துக்கு அலைதடுப்புப் போட்ட பிறகு வடக்கே நகர்கிற மணல் மறிபட்டது, அதற்குப் பிறகுதான் கரை இப்படி அரிபட்டுத் தென்னைகள் கடலுக்குள் சாய்ந்தன. அது மனிதர் நேரடியாகச் செய்தது. கடல் மட்டம் உயர்வது அதற்கு மேல் ஏறுகிற சுமை. வாப்பா தோணி இழுத்து வைத்த இடத்தில் இப்போது இடுப்பளவு தண்ணீர். அவர் அந்த இடத்தை விரலால் காட்டுவார், காட்டிய கையைக் கீழே போடக் கொஞ்ச நேரம் எடுக்கும். அப்படிக் காட்டுகிற பத்துப் பேரின் கையைப் படம் பிடித்துப் பெரிதாக அச்சடித்துக் கட்டுங்கள்.

களுதாவளையார்:
பிள்ளை, மழை பொய்த்தால், நோய் வந்தால் கண்ணகி அம்மனுக்குக் கொம்பு முறிப்பது நம்முடைய வழக்கம். வடசேரி தென்சேரி என்று ஊரே இரண்டாகப் பிரிந்து, வளைந்த இரண்டு மரக்கொம்பைக் கொளுவிக் கயிறு கட்டி இழுக்கும். வைகாசியில் குளிர்த்தி பாடுவதும் அம்மனின் சூடு தணிந்து ஊர் குளிரத்தான். அங்கே ஒருவரும் ஒதுங்கி நின்று பார்ப்பதில்லை, உங்கள் கண்காட்சியிலும் வருகிற ஆட்களுக்கு ஏதாவது வேலை கொடுங்கள். ஆனால் அம்மன் சடங்கை அலங்காரத்துக்கு எடுக்க வேண்டாம், முதலில் கோயில் பெரியவர்களிடம் போய்க் கேளுங்கள்.

கல்லடிக்காரி:
சரி, ஐஸை விட்டுவிட்டோம். நிந்தவூர் நாநா, வாப்பாவின் கையிலிருந்தே தொடங்கலாமா? படுவான்கரை அண்ணன், அந்தக் கதிர் கட்டாயம் வேண்டும், வெள்ளிக்கிழமை வந்து எடுக்கிறேன். தூசியைத் துடைக்க மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.